லீமாவுல நிக்கெய் டேஸ்டிங் மெனு: உக்கார்றதுக்கு முன்னாடியே பண்ணிடுற தப்புங்க

பெரு போறவங்க இப்பல்லாம் மச்சு பிச்சுவோட சேத்து தலைநகர் லீமாவுல ஒரு டேஸ்டிங் மெனுவையும், அதாவது ஷெஃப் முடிவு பண்ணி சின்னச் சின்ன ஐட்டமா வரிசையா அனுப்புற சாப்பாட்டையும், பிளான்ல போட்டுடுறாங்க. போடாம எப்படி இருப்பாங்க, உலகத்தோட 50 சிறந்த ரெஸ்டாரண்ட் பட்டியல்ல 2023ல லீமாவுல இருக்க சென்ட்ரல் முதல் இடம், 2025ல அதே ஊர் மைதோ முதல் இடம். மைதோ நிக்கெய் சமையல், அதாவது பெருவும் ஜப்பானும் கலந்தது. இவ்ளோ காசு குடுத்துட்டு பாதிய ரசிக்காம எந்திரிச்சு வர்றவங்களும் நிறைய, அதுல முக்கால்வாசி தப்பு டேபிள்ல உக்கார்றதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும்.

அன்னிக்கு மத்தியானமே வயிறு முட்ட செவிச்சே, அதாவது எலுமிச்சைச் சாறுல ஊறின பச்சை மீன், சாப்பிடுறது அதுல ஒண்ணு. செவிச்சே லீமாவுல மத்தியான சாப்பாடு, நல்ல செவிச்சேரியா கடைங்க நிறைய சாயங்காலத்துக்குள்ள ஷட்டரை இறக்கிடும், அதனால எல்லாரும் மத்தியானமே போவாங்க, தப்பில்ல. ஆனா ராத்திரி பத்துக்கும் மேல ஐட்டம் வரப்போகுதுன்னா செவிச்சேவ வேற நாளைக்கு வச்சுக்கோங்க. இல்லன்னா டேஸ்டிங் மெனுவையே மத்தியானத்துக்கு புக் பண்ணிடுங்க, நான் எப்பவும் இதைத்தான் சொல்லுவேன், செரிக்கவும் நேரம் கிடைக்கும், தூக்கமும் கெடாது. புக்கிங்க மாசக்கணக்குல முன்னாடியே பண்ணணும், பேரு வாங்கின இடத்துக்கெல்லாம் நேர்ல போயி நின்னா டேபிள் கிடைக்காது.

சைவக்காரங்க மாட்டிக்கிறது வேற மாதிரி. அங்க போய் உக்காந்துட்டு "நான் வெஜிடேரியன்"னு சொன்னா ஷெஃப் பாவம் என்ன பண்ணுவாரு, ஒவ்வொரு தட்டும் காலையிலயே முடிவானது. பெருல வெறும் கார்னே வேணாம்னு சொன்னீங்கன்னா மாடு பன்னி வேணாம்னு எடுத்துக்கிட்டு கோழியக் கொண்டாந்து வைக்கிறதும் நடக்கும், அதனால புக் பண்றப்பவே சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ, சின் மரிஸ்கோஸ்னு நாலையும் எழுதிடுங்க, அதாவது இறைச்சி, கோழி, மீன், கடல் ஐட்டம் நாலுமே வேணாம். அப்பவும் டாஷின்னு ஒண்ணு இருக்கு. நிக்கெய் சாஸ், சூப் நிறையத்துக்கு அதுதான் அடி, அது கட்சுவோபுஷில செய்றது, கட்சுவோபுஷி நம்ம மாசிக் கருவாட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. வெறும் காய் வச்ச தட்டுன்னு நினைச்சு சாப்பிட்டா உள்ள மீன் இருக்கும். டாஷி போடுவீங்களான்னு தனியா கேட்டுடுங்க. மாடு சாப்பிடாதவங்களும் சொல்லிடணும், ஆன்டிகூச்சோன்னு வர்ற குச்சி கிரில் வழக்கமா மாட்டு இதயம். கூய்ன்னு போட்டிருந்தா கினிப் பிக்.

ஃப்யூஷன்னு பேரப் பாத்துட்டு யாரோ ஒரு ஷெஃப் போன வருஷம் கண்டுபிடிச்ச வித்தைன்னு நினைச்சுட்டு போறவங்க இருக்காங்க, எனக்கு இதுதான் ரொம்ப கடுப்பு. 1899ல சகுரா மாருங்கிற கப்பல்ல 790 ஜப்பான்காரங்க கய்யாவோ துறைமுகத்துல வந்து இறங்கினாங்க, கரும்புத் தோட்ட வேலைக்கு. ஊர்ல கிடைச்ச மீன், எலுமிச்சை, ஆஹி மிளகாய வச்சு அவங்க வீட்டுச் சமையல் மாறி மாறி வந்ததுதான் நிக்கெய். இப்ப லீமா முழுக்க கிடைக்கிற புல்போ அல் ஒலிவோ, ஆக்டோபஸ் மேல ஊதா கலர் ஆலிவ் சாஸ் ஊத்தினது, அது ரோசிதா யிமுராங்கிற நிக்கெய் சமையல்காரம்மா கொண்டு வந்தது. டோக்கியோ சுஷி மாதிரி இல்லயேன்னு குறை சொல்றதுல அர்த்தமே இல்ல.

டேபிள்ல கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். நிகிரி, அதாவது சோத்து உருண்டை மேல மீன் வச்ச சுஷி, வந்தா சோயா சாஸத் தேடாதீங்க, சாஸ் ஏற்கெனவே மேல தடவித்தான் குடுப்பாங்க, சில இடத்துல மேல ஒரு குட்டி காடை முட்டை கூட உக்காந்திருக்கும், அதை ரெண்டா கடிச்சீங்கன்னா மஞ்சக்கரு சட்டையில. அப்படியே ஒரே வாய்ல போட்டுடுங்க. போட்டோவுக்கு பத்து ஆங்கிள் பாக்குற நேரத்துல சோறு ஆறிடும். ரொகோத்தோங்கிற மிளகா பாக்குறதுக்கு குட்டி குடமிளகா மாதிரியே இருக்கும், வெட்டினா உள்ள விதை கருப்பா இருக்கும், நாங்கல்லாம் ஆந்திரா ஊறுகாயே சாப்பிடுவோம்னு துண்டை எடுத்து கடிச்சா அடுத்த மூணு ஐட்டத்துக்கு நாக்குல ருசியே தெரியாது. செவிச்சே தட்டுல மிஞ்சுற வெள்ளச் சாறு லெச்சே தே திக்ரே, அதை விட்டுட்டு தட்டைத் தூக்க விடாதீங்க, ஸ்பூன்ல குடிச்சிடுங்க. ஆரம்பத்துல வர்ற வறுத்த சோளம் கான்ச்சா, அதைக் கொறிச்சே வயித்த நிரப்பிக்கிறவங்களும் உண்டு.

குடிக்கிறதுல, பிஸ்கோ சவர் ஒண்ணோட நிறுத்திக்கலாம். பிஸ்கோங்கிறது திராட்சைச் சரக்கு, குறைஞ்சது 38 சதவீதம் ஆல்கஹால், சவர்ல பச்சை முட்டை வெள்ளையும் போடுவாங்க, முட்டை ஆகாதவங்க முன்னாடியே சொல்லணும். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு கிளாஸ்னு வர்ற ஒயின் பேரிங் எடுத்தா ஏழாவது தட்டுக்கு மேல என்ன சாப்பிட்டோம்னே ஞாபகம் இருக்காது, ஆல்கஹால் இல்லாத பேரிங் இருந்தா கண்ண மூடிட்டு அதை எடுங்க. சிச்சா மொராதா ஊதாச் சோளத்துல செய்றது, போதை கிடையாது, பசங்களுக்கும் குடுக்கலாம். சிச்சா தே ஹோரா புளிக்க வச்சது, பேரு ஒண்ணா இருக்குன்னு மாத்தி ஆர்டர் பண்ணிடாதீங்க.

இதையே மச்சு பிச்சு போற வழியில இருக்க மலை ஊரு குஸ்கோ பக்கம் பண்றவங்களுக்கு ஒண்ணு. குஸ்கோ 3,400 மீட்டர் உயரம், போய் இறங்கின அன்னிக்கே பெரிய சாப்பாடும் பிஸ்கோவும்னா தலைவலி, வாந்தின்னு ராத்திரி பூரா அவஸ்தைதான். ரெண்டு நாள் சூப்பு, கோகா இலை டீன்னு லேசா ஓட்டிட்டு அப்புறம் போங்க.

பில் வந்ததும் டிப்ஸ் வைக்கிறதுக்கு முன்னாடி ரெகார்கோ அல் கொன்சுமோன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. அது சர்வீஸ் சார்ஜ், பல இடத்துல 10 சதவீதம். அது இருந்தா அதுக்கு மேல வைக்கிறது உங்க இஷ்டம்.