வகுப்பறையில் ஒரு கவர் ஆலை: தொழிற்புரட்சியைச் செய்து பார்க்க

ஒன்பதாம் வகுப்புத் தொழிற்புரட்சிப் பாடத்தை நடத்துவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். 'வேலைப் பிரிவினை' (ஒரு பொருளை ஒருவரே முழுதாகச் செய்யாமல் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துச் செய்வது) என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஆரம்பித்தால், நாம் எதிர்பார்க்கும் விடையைத்தான் பிள்ளைகள் திருப்பித் தருவார்கள்.

செய்யப்போவது, மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தருவார்களே, அந்தக் காகிதக் கவர். 40 பேருக்கு ஒரு பக்கம் எழுதிய ஏ4 தாள் 300, ஆளுக்கொரு ஸ்கேல், பென்சில், 100 கிராம் மைதாவை 600 மில்லி தண்ணீரில் காய்ச்சிய பசை, மூன்று ஸ்டேப்ளர், கொஞ்சம் புளியங்கொட்டை. அடுத்தடுத்த இரண்டு பீரியட் வேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம், 40 கிடைக்காது. ஸ்கேலை வைத்துக் கிழித்தால் போதும்.

தாளைக் குறுக்கே பாதியாகக் கிழிக்க வேண்டும். பாதித் தாளின் ஒரு குட்டை ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. தள்ளிக் கோடு போட்டு, எதிர் ஓரத்தை அந்தக் கோடு வரை மடித்து, மீந்த பட்டையை மேலே மடித்து ஒட்டினால் குழாய் மாதிரி வரும். அடியில் 2 செ.மீ. மடித்து ஒட்டினால் கவர் தயார்.

முதலில் எல்லோரும் பழக்கத்துக்கு இரண்டு செய்யட்டும். இதை விட்டுவிட்டால், இரண்டாம் சுற்றில் கூடும் எண்ணிக்கை வேலைப் பிரிவினையால் வந்ததா, கை பழகியதால் வந்ததா என்று சொல்ல முடியாது. பிறகு முதல் சுற்று: 10 நிமிடம், தனித்தனியாக, முழுக் கவர். யாருடையது மிக நேர்த்தி என்று குறித்து வையுங்கள்.

இரண்டாம் சுற்றில் எட்டு எட்டுப் பேராக வரிசை. கிழிக்க ஒருவர், கோடு போட இருவர், மடிக்க ஒருவர், பக்கம் ஒட்ட ஒருவர், அடி ஒட்ட இருவர், சோதித்து எண்ண ஒருவர். யாருக்கு எந்த வேலை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். மதிப்பெண் பார்த்துப் பிரித்தால் வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் மேடு பள்ளம் அப்படியே வரிசையில் வந்து உட்காரும். ஸ்கேல் இல்லாமலே கோடு போட உதவும் அளவு அட்டை போன்ற புதுக் கருவி எதையும் இந்தச் சுற்றுக்குத் தரவே கூடாது. தந்தால் அட்டையைத்தான் சோதிக்கிறீர்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், தாள் பறக்கும். சென்னை ஈரக்காற்றில் பசை உடனே காயாது, ஆகவே முடிந்த கவர்களை அடுக்காமல் செய்தித்தாளில் பரப்ப வேண்டும்.

ஏதாவது ஒரு குழு முதல் சுற்றைவிடக் குறைவாகச் செய்தால் மறைக்காதீர்கள். ஆரம்பத்தில் கடைசி ஆள் சும்மா உட்கார்ந்திருப்பார், முடிவில் அரைகுறைக் கவர்கள் நடுவில் தேங்கும். எங்கே தேங்குகிறதோ அந்த ஆளின் வேகம்தான் ஆலையின் வேகம். அங்கே ஓர் ஆளைக் கூட்டி 5 நிமிடம் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாம் சுற்றில் கூலி. ஆளுக்கு நான்கு புளியங்கொட்டை. பேசினால், மணி அடித்தபின் வந்தால் ஒன்று அபராதம். பாதியில் மூன்று குழுக்களுக்கு மட்டும் ஸ்டேப்ளர் கொடுத்து, அடி ஒட்டும் இருவரில் ஒருவரை வெளியே நிறுத்துங்கள். முதல் சுற்றில் நேர்த்தியாகச் செய்த பிள்ளையிடம் கேளுங்கள்: 'உன் கைத்திறனுக்கு இப்போது என்ன கூலி?' இதற்கப்புறம் 1811-இல் நாட்டிங்ஹாம் பகுதியில் பின்னல் தறிகளை உடைத்தவர்களைப் பற்றிச் சொன்னால், அவர்கள் இயந்திரத்துக்குப் பயந்த முட்டாள்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தறி உடைத்தால் மரண தண்டனை என்று 1812-இல் சட்டம் வந்தது. அபராதக் கொட்டைகளை மேஜையில் குவித்து வைத்துக்கொண்டே பெரம்பூருக்கு வரலாம்: பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் ஆலை 1876, கர்நாடிக் ஆலை 1881, அந்தத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் 27 ஏப்ரல் 1918.

இன்னொரு நாள் தக்ளி, அதாவது கையால் சுற்றிப் பஞ்சை நூலாக நூற்கும் கருவி. 20 செ.மீ. மூங்கில் குச்சி, அடியில் 5 செ.மீ. அட்டை வட்டங்கள் இரண்டு, மேல் நுனியில் நூல் மாட்ட ஒரு வெட்டு. பஞ்சு இழை குட்டையானது; கனமான தக்ளியைத் தொங்கவிட்டால் அறுந்துவிடும். அடி நுனியைக் கொட்டாங்குச்சியில் ஊன்றிச் சுற்றச் சொல்லுங்கள். முறுக்கு ஏறும் முன் இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஈரக்காற்றில் நூல் குறைவாக அறும், பசைக்கு ஆகாத நம் ஊர்க் காற்று இதற்கு ஏற்றது. லங்காஷையர் பருத்தி ஆலைகளுக்கு உதவியதும் அங்குள்ள ஈரம்தான்.

10 நிமிடத்தில் நூற்ற நீளத்தை அளந்து எட்டால் பெருக்குங்கள். 1764 வாக்கில் ஹார்கிரீவ்ஸ் செய்த முதல் ஜென்னி என்ற நூற்பு இயந்திரத்தில் எட்டுக் கதிர்கள், அதாவது ஒரே நேரத்தில் எட்டு நூல். தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை எறியும் வேகத்தை ஜான் கே 1733-இலேயே கூட்டிவிட்டார், தறிக்கு நூல் போதவில்லை. எது முதலில் வந்தது, ஏன் என்ற கேள்வியை இங்கேதான் கேட்க வேண்டும், தேர்வுத்தாளில் அல்ல.

நேரம் இருந்தால் சென்னை வரைபடத்தில் நான்கு புள்ளிகள்: நெசவாளர்களைக் குடியமர்த்திய சிந்தாதிரிப்பேட்டை, 1856-இல் ரயில் கிளம்பிய ராயபுரம், பெரம்பூர் ஆலைகள், 1955-இல் வந்த ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை. நூல் போட்டு இணைத்துவிட்டு, தறி இருந்த இடத்திலேயே ஆலை ஏன் வரவில்லை என்று கேளுங்கள். விடை சொல்ல ஒரு வாரம் கொடுக்கலாம்.