பிரிட்டனில் தனியார் பள்ளி மூடப்படும்போது பெற்றோர் செய்யும் தவறுகள்

யார்க் நகருக்கு அருகே எஸ்க்ரிக்கில் இயங்கிவந்த குவீன் மார்கரெட்ஸ் விடுதிப் பள்ளி 1901இல் தொடங்கப்பட்டது. 2025 ஜூன் நடுவில், நடப்புப் பருவத்துடன் பள்ளி மூடப்படுகிறது என்ற செய்தி பெற்றோரை எட்டியது. ஜூலைத் தொடக்கத்தில் கதவும் சாத்தப்பட்டது. இரண்டு உலகப் போர்களைத் தாண்டி நின்ற ஒரு பள்ளி, சில வார அவகாசத்தில் இல்லாமல் போனது. அதற்கு முந்தைய ஆண்டு ஹாம்ப்ஷயரின் ஆல்டன் பள்ளியும் இதேபோல் மூடப்பட்டது. இவற்றைத் தவிரப் பெயர் அதிகம் அறியப்படாத சிறு தொடக்கப் பள்ளிகளும் பல.

காரணங்களை நீட்டி விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவந்த பள்ளிகளின் மீது செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பள்ளி செலுத்தும் பங்கு 2024 ஏப்ரலில் 28.68 சதவீதமாக உயர்ந்தது. 2025 ஜனவரி 1 முதல் கட்டணத்தின் மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு 13.8இலிருந்து 15 சதவீதமானது. இங்கிலாந்தில் அறக்கட்டளைப் பள்ளிகளுக்கு இருந்த கட்டட வரிச் சலுகையும் அப்போதே நீங்கியது. விடுதியில் தங்காத பிள்ளைக்கான சராசரிக் கட்டணம் வரியுடன் சேர்த்து ஒரு பருவத்துக்கு 7,382 பவுண்டாக, அதாவது ஓராண்டில் 22.6 சதவீதம் கூடுதலாக, உயர்ந்தது. அரசின் கொள்கை சரியா தவறா என்பது வேறு விவாதம். இங்கே பேசுவது, மூடுவிழாவுக்கு முன்னும் பின்னும் குடும்பங்கள் செய்கிற, தவிர்த்திருக்கக்கூடிய பிழைகளைப் பற்றி மட்டுமே. அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து முளைக்கின்றன: பருவக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டும் பெற்றோர், சட்டத்தின் பார்வையில், பிணை எதுவும் வாங்காமல் பள்ளிக்குக் கடன் கொடுத்தவர். தாங்கள் அந்த நிலையில் இருப்பது பெரும்பாலோருக்குத் தெரிவதே இல்லை.

கட்டடத்தைப் பார்த்து நம்புவது

நூற்றாண்டுப் பாரம்பரியம், ஏக்கர் கணக்கில் விளையாட்டுத் திடல், புதிதாகக் கட்டிய நீச்சல் குளம் ஆகியவற்றைச் செல்வச் செழிப்பின் அடையாளமாகக் கொள்வது முதல் தவறு. அந்தத் திடல் வங்கியில் அடமானத்தில் இருக்கலாம். நீச்சல் குளமே அந்தக் கடனுக்குக் காரணமாகவும் இருக்கலாம். பிரிட்டனில் பல தனியார் பள்ளிகள் அறக்கட்டளைகளாகவோ, பங்குதாரர் இல்லாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனங்களாகவோ பதிவானவை என்பதால், அவற்றின் ஆண்டுக் கணக்குகளை அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டிலும், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்திலும் எவரும் காசில்லாமல் படிக்கலாம். பள்ளியைத் தேர்ந்தெடுக்க மூன்று முறை நேரில் போய்வரும் பெற்றோர், இந்தப் பத்து நிமிட வாசிப்பைச் செய்வதில்லை.

படிக்கும்போது லாப நட்டத்தில் தேங்க வேண்டாம். முதலில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஐந்தாண்டுகளில் எப்படி மாறியது என்று பாருங்கள். அடுத்து, தணிக்கையாளர் அறிக்கையில், பள்ளி தொடர்ந்து இயங்குமா என்பது குறித்துக் 'குறிப்பிடத்தக்க நிச்சயமின்மை' உள்ளது என்ற வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். தணிக்கையாளர்கள் அந்தச் சொற்களை விளையாட்டாக எழுதுவதில்லை. கம்பெனீஸ் ஹவுஸில் அடமானங்களுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. அதில் அண்மையில் புதிய கடன் கொடுத்தவர் ஒருவர், அதுவும் வழக்கமான வங்கி அல்லாத ஒருவர், நுழைந்திருந்தால் காரணத்தைக் கேட்க வேண்டும். கணக்குகள் கெடு தாண்டித் தாக்கலாவது, தணிக்கையாளர் திடீரென மாறுவது, ஆட்சிக் குழுவிலிருந்து ஓராண்டில் பலர் விலகுவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், அவற்றைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. ஒரு குறையையும் நினைவில் கொள்ள வேண்டும்: நிதியாண்டு ஆகஸ்டில் முடிந்தால், கம்பெனீஸ் ஹவுஸில் கணக்கைத் தாக்கல் செய்ய மறு ஆண்டு மே இறுதிவரை அவகாசம் உண்டு. ஆகவே நீங்கள் படிப்பது எப்போதும் பழைய நிலவரமே.

சலுகைக்காக மொத்தமாகக் கட்டுவது

பல ஆண்டுக் கட்டணத்தை ஒரே தொகையாகக் கட்டினால் தள்ளுபடி தரும் திட்டங்கள் பல பள்ளிகளில் உள்ளன. வரி வருமுன் கட்டிவிட்டால் மிச்சம் என்று கணக்கிட்டுப் பலரும் இவற்றை நாடினார்கள். 2024 ஜூலை 29 முதல் கட்டப்பட்ட தொகை, 2025 ஜனவரிக்குப் பிந்தைய பருவங்களுக்கானதாக இருந்தால் வரிக்கு உட்படும் என்று அரசு அறிவித்து அந்த வாசலை அடைத்தது. வரியை மிச்சப்படுத்தியவர்களுக்கும் ஆபத்து தீரவில்லை. அந்தப் பணம் தனிப் பொறுப்பாட்சிக் கணக்கில் ஒதுக்கி வைக்கப்படாமல் பள்ளியின் அன்றாடச் செலவுக்கே போயிருந்தால், பள்ளி திவாலாகும் நாளில் ஐந்தாண்டுக் கட்டணமும் பிணையற்ற கடனாகிவிடும். பணம் எங்கே வைக்கப்படுகிறது, பள்ளி மூடப்பட்டால் யாருக்குச் சேரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கிடைக்காத திட்டத்தில் ஒரு பருவத்துக்கு மேல் கட்டுவது, என் பார்வையில், தள்ளுபடிக்கு ஈடாகாத துணிச்சல்.

திவால் நடைமுறையில் பணம் இறங்கும் வரிசை இது: முதலில் சொத்தை அடமானமாகப் பெற்ற வங்கி, பிறகு திவாலைக் கையாள நியமிக்கப்படும் நிர்வாகிகளின் செலவும் ஊதியமும், அடுத்து ஊழியர்களின் சம்பள நிலுவையில் ஒரு பகுதி, அதன்பின் வரித்துறை, கடைசியில்தான் உணவு வழங்கியவர், பேருந்து ஓட்டியவர் ஆகியோருடன் பெற்றோரும். கடைசி வரிசையில் நிற்போருக்கென்று சட்டம் ஒதுக்கிவைக்கும் பங்கு ஒன்று உண்டு என்றாலும், அதன் உச்சவரம்பே 8 லட்சம் பவுண்டு. அதை அத்தனை பேரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2020 டிசம்பர் முதல் மதிப்புக் கூட்டு வரி பாக்கிக்கு முன்னுரிமை தரப்பட்டிருப்பதால் ஒரு வினோதம் நேர்கிறது: பெற்றோர் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டி, பள்ளி அரசுக்குச் செலுத்தாமல் விட்ட வரி முதலில் மீட்கப்படும், அதே பெற்றோர் பிள்ளையைச் சேர்க்கும்போது கட்டிய வைப்புத்தொகை அதற்குப் பின்னால் காத்திருக்கும்.

விலகல் அறிவிப்பின் நாட்காட்டியை மறப்பது

பிள்ளையை விலக்கிக்கொள்ள ஒரு முழுப் பருவ அறிவிப்புத் தர வேண்டும், தவறினால் ஒரு பருவக் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்பது ஏறத்தாழ எல்லா ஒப்பந்தங்களிலும் உள்ள விதி. கோடையில் விலக வேண்டுமானால் ஏப்ரலில், கோடைப் பருவம் தொடங்கும் முதல் நாளுக்கு முன்பே அறிவிப்பு பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் பள்ளிகள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில்தான் மூடலை அறிவிக்கின்றன. செப்டம்பருக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்பது அப்போதுதான் தெளிவாகிறது. கோடைக் கட்டணம் கரைந்து, ஆகஸ்டு மாதச் சம்பளத்துக்குப் பணமில்லை என்பதும் அப்போதுதான் வங்கிக்கு உறைக்கிறது.

இதில் பெற்றோர் இரு பக்கமும் தவறுகிறார்கள். வாட்ஸப் குழுவில் வந்த வதந்தியை நம்பி, எழுத்தில் அறிவிக்காமல் பிள்ளையை நிறுத்திவிடுவோர் ஒரு சாரார். பள்ளி பிழைத்துக்கொண்டால் அந்தக் கட்டணத்தை அது கேட்கும். பிழைக்காவிட்டாலும் திவால் நிர்வாகி கேட்கலாம், ஏனெனில் நிலுவையை வசூலிப்பதே அவர் பணி. மறு சாரார், அறிவிப்புக் கெடு கடந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைகட்டி இருப்போர். சந்தேகம் வலுத்தால், மார்ச் மாதத்திலேயே தற்காலிக விலகல் அறிவிப்பை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பார்த்து, பள்ளி எழுத்தில் ஏற்கும்படி அதைக் கொடுத்துவைப்பதே நடுவழி.

பள்ளியைக் காப்பாற்றப் பெற்றோர் நிதி திரட்டும் கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாசத்தால் நடக்கும் காரியம் இது, பழித்துப் பயனில்லை. ஆனால் நிபந்தனையின்றிப் பள்ளியின் கணக்கில் போடும் பணம் வங்கியின் பாக்கியைத்தான் முதலில் குறைக்கும். கொடுப்பதாக இருந்தால் வழக்குரைஞரின் பொறுப்புக் கணக்கில், குறிப்பிட்ட தேதிக்குள் முழுத் தொகையும் சேராவிட்டால் திரும்பக் கிடைக்கும் என்ற உடன்பாட்டோடு கொடுக்க வேண்டும்.

அறிவிப்பு வந்தபின்

முதல் வாரத்தில் பலர் செய்வது, வங்கித் தானியங்கிக் கட்டணங்களை எல்லாம் நிறுத்துவது. பள்ளிக்கு நேரடியாகப் போகும் பணத்தை நிறுத்துவதில் பொருள் உண்டு. மாதத் தவணைத் திட்டமோ பெரும்பாலும் தனி நிதி நிறுவனம் தந்த கடன்; அந்த நிறுவனம் பருவத் தொடக்கத்திலேயே முழுக் கட்டணத்தையும் பள்ளிக்குக் கொடுத்திருக்கும். அதை ஒப்பந்தம் படிக்காமல் நிறுத்தினால், பள்ளியையும் இழந்து கடன் மதிப்பீட்டையும் கெடுத்துக்கொள்வீர்கள். அந்த நிறுவனத்துக்கு எழுதி, மூடலைத் தெரிவித்து, நிலைப்பாட்டைக் கேட்டபிறகே முடிவெடுக்க வேண்டும்.

வைப்புத்தொகையையோ கட்டணத்தின் ஒரு பகுதியையோ கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். நுகர்வோர் கடன் சட்டம் 1974இன் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள சேவைக்குக் கார்டு நிறுவனமும் கூட்டாகப் பொறுப்பு. ஒரு பகுதியை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு இழப்பையும் அதனிடம் கோரலாம். டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. கார்டு வலையமைப்பின் விதிப்படி பணத்தைத் திரும்பக் கோரும் முறை மட்டும் உண்டு, அதற்கும் பொதுவாக 120 நாள் கெடு. மேலும், சாப்பாட்டுக் கட்டணம் போன்ற பாக்கி உங்கள் பக்கம் இருந்தால், வைப்புத்தொகையை அதில் கழித்துக்கொள்ளும்படி நிர்வாகிக்கு எழுதுங்கள். பரஸ்பரக் கடன்களைக் கழித்துக் கணக்கிடுவது திவால் விதிகளிலேயே உள்ள நடைமுறை. பாக்கியை முழுதாகக் கட்டிவிட்டு வைப்புத்தொகைக்காகக் காத்திருப்பது வீண் நல்லெண்ணம்.

அரசுப் பள்ளி இடத்துக்கு உள்ளாட்சி மன்றத்தில் விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடுவது இன்னொரு பெரும் பிழை. விண்ணப்பித்தால் அரசுப் பள்ளிக்கே போயாக வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் ஜூலை மூன்றாம் வாரத்துக்குப் பின் பள்ளி அலுவலகங்கள் வெறிச்சோடிவிடும் என்பதால், ஆகஸ்டில் அனுப்பும் விண்ணப்பத்துக்குச் செப்டம்பர் வரை பதில் வராமல் போகலாம். ரிசப்ஷன் எனப்படும் முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பு, முதல், இரண்டாம் வகுப்புகள் ஆகியவற்றில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். எனவே மூத்த பிள்ளைக்கு இடம் கிடைத்த பள்ளியில் இளையதற்குக் கிடைக்காமல் போகும் நிலையையும் முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

அக்கம்பக்கத்துத் தனியார் பள்ளிகள் ஒரு வாரத்துக்குள் அழைப்பு அனுப்பும்: சிறப்பு வரவேற்பு மாலை, இலவசச் சீருடை, முதல் பருவத்தில் தள்ளுபடி. பதற்றத்தில் இருக்கும் பெற்றோருக்கு அது கைகொடுப்பதுபோல் தோன்றும். உண்மையில் கைகொடுக்கவும் செய்யலாம். என்றாலும் மேலே சொன்ன கணக்கு வாசிப்பை அங்கே செய்யாமல் மறுபடி வைப்புத்தொகை கட்டுவது, அதே நோய் உள்ள வீட்டுக்குக் குடிபோவதாகும்.

பத்தாம் வகுப்பை முடித்து, ஏறத்தாழ பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வின் ஆண்டுக்குள் நுழையும் பிள்ளையின் சிக்கல் தனி. ஒரு பள்ளி ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் வரலாற்றுப் பாடத்தைப் படிப்பித்திருக்கும். அடுத்த பள்ளி எடெக்ஸல் வாரியத்தின் பாடத்தை நடத்தும். இலக்கியத்தில் பாட நூல்களே வேறாக இருக்கும். 'நல்ல பள்ளியா' என்று கேட்பதற்கு முன் 'எந்த வாரியம், எந்தப் பாடத்திட்டக் குறியீடு' என்று கேட்க வேண்டும். மூடப்படும் பள்ளியின் அலுவலகத்தில் ஆள் இருக்கும்போதே வாங்க வேண்டியவை இவை: ஒவ்வொரு பாடத்தின் குறியீடு, தேர்வர் அடையாள எண், முடித்த செயல்முறைப் பணிகளின் மூலப் பிரதிகளும் மதிப்பெண்களும், தேர்வில் 25 சதவீதக் கூடுதல் நேரம் போன்ற சலுகை இருந்தால் அதற்கான சான்றாவணங்கள், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிக்கும் பிள்ளைக்குப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான பரிந்துரையும் எதிர்பார்ப்பு மதிப்பெண்களும். இவற்றை எழுதித் தரக்கூடிய ஆசிரியர் ஜூலையில் வேலையிழந்து வேறு ஊருக்குப் போய்விடுவார்; அவர் தன் சம்பளத்துக்கே நிர்வாகியிடம் விண்ணப்பித்துக்கொண்டிருப்பார் என்பதையும் கோபத்தில் மறக்கக் கூடாது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பிள்ளையை விடுதியில் சேர்த்த பெற்றோருக்கு விசா முதற்கவலை. குழந்தை மாணவர் விசா அந்தப் பள்ளியின் ஆதரவில் வழங்கப்பட்டது. பள்ளி மூடினால் உள்துறை அமைச்சு பொதுவாக 60 நாளாக அனுமதியைக் குறைத்துக் கடிதம் அனுப்பும். கடிதம் பள்ளி முகவரிக்கே போய், குடும்பத்தை வந்து சேராமல் கிடப்பது உண்டு. ஆகவே பாதுகாவலரின் முகவரியையும் மின்னஞ்சலையும் உள்துறையிடம் புதுப்பித்துவிட்டு, விசா ஆதரவு உரிமம் உள்ள பள்ளிகளை மட்டுமே தேட வேண்டும்.

கடைசியாக, இழந்த பணத்துக்கான கோரிக்கைப் படிவம். 'எப்படியும் வரப்போவதில்லை' என்று அதை அனுப்பாமல் விடுவோர் பலர். பள்ளி நிலம் எதிர்பார்த்ததைவிட அதிக விலைக்கு விற்றால் கடைசி வரிசைக்கும் ஏதோ ஒரு பங்கு வரக்கூடும். ஆனால் கோரிக்கை தராதவருக்கு அதில் எதுவும் இல்லை. வைப்புத்தொகை ரசீது, ஒப்பந்தம், வங்கிப் பதிவு ஆகியவற்றை இணைத்து நிர்வாகிக்கு அனுப்பி, வீடு மாறினால் புதிய முகவரியையும் தெரிவித்துக்கொண்டிருக்க வேண்டும். நிர்வாகியின் அறிக்கைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். பங்கீடு முடிய ஆண்டுகள் ஆகலாம்.