ஓய்வுக்கு ஒரு நல்ல இரட்டைக் குழல்: காசைக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முப்பது, நாற்பது வருடம் உழைத்து ஓய்வுபெறும்போது தனக்கென்று ஒரு நல்ல துப்பாக்கி வாங்க ஆசைப்படுகிறவர்கள், பெரும்பாலும் கைவேலையில் செய்த பழைய இரட்டைக் குழலில்தான் போய் நிற்பார்கள். ஆசை நியாயமானதே. ஒழுங்காகப் பராமரித்த இரட்டைக் குழல் நூறு வயதிலும் வேலை செய்யும். ஆனால் பலர் செய்தவன் பெயரையும் செதுக்கு வேலையையும் பார்த்து மயங்கி வாங்கிவிடுகிறார்கள். துப்பாக்கியின் உயிர் குழலில் இருக்கிறது. அது உங்களுக்கு உதவுமா என்பது தோளில் வைக்கும் மரக் கட்டையில் இருக்கிறது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பெயர் தெரியாத துப்பாக்கிகூட நல்ல பரிசுதான்.

உரிமம் கைக்கு வரும் முன் முன்பணம் கொடுக்காதீர்கள். எந்த வகை, எந்த போர் (குழலின் துளை அளவு), எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். கைமாற்றம் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் நடக்க வேண்டும் என்ற சட்டமும் பல இடங்களில் உண்டு. பட்ஜெட்டில் துப்பாக்கியின் விலையை மட்டும் வைக்காதீர்கள். இரும்புப் பெட்டி, காப்பீடு, கட்டையை உங்கள் அளவுக்கு மாற்றும் கூலி, நல்ல மிஸ்திரியின் பரிசோதனைக் கட்டணம் எல்லாவற்றையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குள் தேடுங்கள்.

எந்த வகை

பூட்டு, அதாவது சுடும் இயக்கம், உள்ளே அடங்கிய பாக்ஸ்லாக், பக்கத் தகட்டில் பூட்டு பொருத்திய சைட்லாக் என்று இரண்டு வகை. இன்று காணும் பாக்ஸ்லாக்குகளில் பெரும்பாலானவை பர்மிங்காமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் ஆன்சன், டீலி இருவரும் 1875-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழி வந்தவை. உதிரிகள் குறைவு, உறுதி அதிகம். சைட்லாக் அழகு, செதுக்க இடமும் அதிகம். ஆனால் மட்டமான சைட்லாக்கைவிட நல்ல பாக்ஸ்லாக் எவ்வளவோ மேல். பாக்ஸ்லாக்கின் பக்கத்தில் வெறும் அலங்காரத் தகடு ஒட்டி சைட்லாக் போலக் காட்டுவதும் உண்டு. உண்மையான பூட்டுத் தகட்டில் பொதுவாக ஐந்தாறு ஆணித் தலைகள் தெரியும். தகடு மொழுமொழுவென்று இருந்தால் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தோட்டாவில் உள்ள ரவையின், அதாவது சிறு குண்டுகளின், எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும். 28 கிராம் ரவைக்கு சுமார் 2.7 கிலோ வரும். இதைவிட லேசான துப்பாக்கியில் அதே தோட்டாவைச் சுட்டால் தோளில் உதை கூடும். அறுபது வயதுத் தோளுக்கு 2.9 கிலோ துப்பாக்கியும் 24 கிராம் தோட்டாவும் நல்ல ஜோடி.

குழல்: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

முதலில் இரண்டு குழலும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியாகப் பிரித்தெடுங்கள்.

குழலின் அடிப்பக்கத்தில், தோட்டா வைக்கும் அறைக்குக் கீழே உள்ள தட்டையான இடத்தில் சோதனை முத்திரைகள் இருக்கும். லண்டன், பர்மிங்காம், லீஜ், செயின்ட் எத்தியேன் போன்ற ஊர்களில் உள்ள சோதனைச் சாலைகள் அளவுக்கு மீறிய அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து அடித்த முத்திரை இது. கருமருந்துக்கு மட்டும் சோதித்ததா, புகையற்ற மருந்துக்கும் சோதித்ததா என்பதை இது சொல்லும். கருமருந்து முத்திரை மட்டும் உள்ள குழலில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழலில் அந்த அலை அலையான கோலம் மனதைக் கொள்ளைகொள்ளும். ஆனால் புகையற்ற மருந்து முத்திரை இல்லாவிட்டால் அது சுவரில் மாட்டத்தான்.

பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் சோதனையின்போது இருந்த துளை அளவையும் அடித்திருப்பார்கள். 12 போருக்கு இயல்பான அளவு .729 அங்குலம், அதாவது 18.5 மி.மீ. அடித்த அளவைவிடத் துளை 0.010 அங்குலம், ஏறக்குறைய கால் மில்லிமீட்டர், அகன்றுவிட்டால் அந்த முத்திரை செல்லாது. அப்படி அகலக் காரணம் பெரும்பாலும் பாலிஷ்தான். துருக்குழிகளை மறைக்க உள்ளே தேய்ப்பார்கள். குழி போகும், அதோடு சுவரும் மெலியும். அதனால்தான் பழைய குழல் கண்ணாடிபோல் மின்னுவதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. சுவர்த் தடிமன் 0.8 மி.மீ. உள்ள, லேசாகக் குழி விழுந்த குழல், 0.4 மி.மீ.க்கு மெலிந்த பளபளக் குழலைவிட நூறு மடங்கு மேல். மிக மெலிந்த இடத்திலும் 0.5 மி.மீ. இருக்க வேண்டும் என்பது தொழிலில் நெடுநாளாக உள்ள கணக்கு. இதை அளக்கத் தனிக் கருவி வேண்டும், அது மிஸ்திரியிடம் இருக்கும். அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

வெறும் கண்ணால் பார்க்க, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்லச் சுற்றுங்கள். உள்ளே தெரியும் ஒளி வளையங்கள் உடையாமல் வரிசையாக வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வளையம் நெளிந்தால் வெளியிலிருந்து அடிபட்டு உள்ளே அமுங்கியிருக்கிறது. அதை நல்ல மிஸ்திரி எடுத்துவிடுவார். முழு வட்டமாக ஒரு இருண்ட நிழல் நின்றால் அது வீக்கம். சேறோ, சிக்கிய அடைப்போ இருக்கும்போது சுட்டதால் குழல் அங்கே உப்பியிருக்கிறது. வீங்கின குழலை விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்தது ஓசை. குழலின் அடியில் உள்ள கொக்கியை ஒரு விரலில் மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டுங்கள். மணிபோல் இழுத்து ஒலித்தால் இரண்டு குழலையும் இணைக்கும் நடுப்பட்டையின் ஈயப்பற்று நன்றாக இருக்கிறது. 'கடகட'வென்றோ மொத்தென்றோ கேட்டால் பட்டை விட்டிருக்கிறது. பட்டை விட்ட இடத்தில் ஈரம் புகுந்து வெளியே தெரியாமல் துரு தின்னும்.

அறையின் நீளத்தைக் கட்டாயம் அளக்க வேண்டும். பழைய 12 போர் பலவற்றின் அறை 65 மி.மீ. இன்று அதிகம் விற்பது 70 மி.மீ. தோட்டா. இந்த அளவு சுட்டபின் வாய் விரிந்த கேஸின் (தோட்டாவின் கூடு) நீளம். சுடாத தோட்டா மடிந்து குட்டையாக இருப்பதால் குட்டை அறையிலும் சுலபமாக உள்ளே போய்விடும். ஆபத்தே அதுதான். சுடும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அறைக்கு முன்னே குறுகும் கூம்பில் முட்டும், அழுத்தம் ஏறும். 'உள்ளே போகிறதே' என்பது சோதனை ஆகாது. எஃகு ரவையும் பழைய குழலுக்கு ஆகாது. அதற்கான சோதனை ஆன குழலில் லில்லிப்பூ முத்திரை இருக்கும்.

அறையிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளிக் குழலைச் சுற்றி மயிரிழை போன்ற கோடு தெரிந்தால், பழைய குழலை வெட்டிப் புதுக் குழாய் செருகியிருக்கிறார்கள். சுட நல்லதுதான், ஆனால் விலை நன்றாகக் குறைய வேண்டும். குழல், உடல் (பூட்டு இருக்கும் இரும்புப் பகுதி), முன்கட்டை மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உடலும் பூட்டும்

முன்கட்டை இல்லாமல் குழலை மட்டும் மாட்டி மூடிப் பிடித்து அசைத்துப் பாருங்கள். முன்கட்டையின் ஸ்பிரிங் ஆட்டத்தை மறைத்துவிடும், அதனால்தான் கழற்றச் சொல்வது. ஆட்டம் தெரிந்தால், அல்லது குழலின் பின்முனைக்கும் உடலின் முகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால், கீல் ஆணி தேய்ந்திருக்கிறது. சிகரெட் தாளில் ஒரு கீற்று வெட்டி அந்த இடத்தில் வைத்து மூடுங்கள். இறுகின துப்பாக்கி தாளைக் கவ்விப் பிடிக்கும், இழுத்தால் கிழியும். தளர்ந்ததில் தாள் வழுக்கி வந்துவிடும். இதற்குச் சரியான வேலை, பருத்த கீல் ஆணி போடுவதோ கொக்கியில் உலோகம் ஏற்றிச் சீவுவதோதான். கொக்கியைச் சுத்தியலால் தட்டி விரித்தது ஐந்நூறு தோட்டாவில் பழையபடி ஆகிவிடும். தட்டின தழும்பு கொக்கியின் உட்பக்கத்தில் தெரியும்.

துப்பாக்கியைத் திறக்கும் மேல் நெம்புகோல் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். புதிதில் அது நடுவுக்கு வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய இடப்பக்கம் நகரும்.

விசைகளைச் சோதிக்கப் போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள். வெறுமனே தட்டினால் பழைய ஊசி உடையலாம். முன் விசை 1.6 முதல் 1.8 கிலோ, பின் விசை அதைவிடக் கொஞ்சம் அதிகம் இருந்தால் நல்லது. உள்ளே உள்ள இரண்டு சுத்தியலையும் ஏற்றி மூடி, கட்டையின் அடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள். எந்தப் பக்கச் சுத்தியலும் விழக் கூடாது. வலது விசையை இழுக்கும்போது இடதும் சேர்ந்து விழுந்தால் வாங்காதீர்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பல துப்பாக்கிகளில் பாதுகாப்புப் பூட்டு விசையை மட்டும்தான் தடுக்கும், உள்ளே உள்ள சுத்தியலை அல்ல. பூட்டிய துப்பாக்கி கீழே விழுந்தாலும் வெடிக்கலாம்.

சுட்ட கேஸை வெளியே தள்ளும் எஜெக்டர் இருந்தால் ஒரு பக்கம் மட்டும் தட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். தட்டியது தெறித்து விழ வேண்டும், மற்றது எழும்பி மட்டும் நிற்க வேண்டும்.

ஆணிகளின் வெட்டுகளைக் கவனித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். வாய் பிளந்து சிதைந்திருந்தால் தெரியாதவர் கைவைத்திருக்கிறார்.

கட்டையும் உங்கள் உடம்பும்

கழுத்துப் பகுதியிலும் பூட்டுத் தகட்டின் பின்முனையிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், விரிசலில் இருந்து எண்ணெய் கசியும். வருடக்கணக்காக வாய் மேலே வைத்து நிறுத்திய துப்பாக்கியில் எண்ணெய் வழிந்து கட்டையின் தலைப்பகுதி கறுத்து மெத்தென்று ஆகியிருக்கும்.

அளவுதான் வயதானவர்களுக்கு முக்கியம். கண்ணை மூடி, கன்னத்தில் கட்டை படும்படித் தோளில் ஏற்றி, பிறகு கண் திறவுங்கள். நடுப்பட்டை கண்ணுக்கு நேரே ஓட வேண்டும். நடுத்தர உயரக்காரருக்கு விசையிலிருந்து கட்டையின் முனை வரை 36 முதல் 37.5 செ.மீ. பொருந்தும். வயதில் கழுத்து குனிவது குறையும், ஆகவே இளமையில் பொருந்திய தாழ்ந்த கட்டை இப்போது பொருந்தாமல் போகலாம். கண்புரை அறுவைக்குப் பின் எந்தக் கண் முன்நிற்கிறது என்பதே மாறிவிடுவதுண்டு, அறுவை ஆகியிருந்தால் புதிதாகச் சோதித்த பிறகே வாங்குங்கள். கட்டையை வெட்டிக் குறைப்பது எளிது. நீட்ட ரப்பர் அல்லது மரம் ஒட்டலாம். சூட்டில் வளைக்கவும் முடியும், உலர்ந்த பழைய மரம் வெடிக்கும் அபாயம் இருந்தாலும்.

மூட்டுவலி உள்ளவர்கள் திறந்து மூடியே பார்க்க வேண்டும். தானாகத் திறந்து கொடுக்கும் உயர்ந்த அமைப்புகள் திறக்கும்போது சுகம், மூடும்போது ஸ்பிரிங்கின் முழு எதிர்ப்பும் உங்கள் மணிக்கட்டுக்கு. பத்து முறை தொடர்ந்து மூடிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: தனி மிஸ்திரி பார்த்துச் சரியில்லை என்றால் இத்தனை நாளுக்குள் பணம் திரும்பும் என்று. இதற்கு மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

தோல் உறையில் வைத்துப் பூட்டி வைக்காதீர்கள், தோலும் கம்பளியும் ஈரத்தை இழுக்கும். பெட்டிக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், சிலிகா பொட்டலத்தை அவ்வப்போது காயவைத்து மாற்றுங்கள். எண்ணெய் மெல்லிய படலமாக மட்டும். தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில். 12 போரும் 20 போரும் வீட்டில் இருந்தால் தோட்டாவை ஒரே பையில் ஒருபோதும் போடாதீர்கள். 20 போர்த் தோட்டா 12 போர்க் குழலுக்குள் வழுக்கி அறையைத் தாண்டிச் சிக்கும். மேலே 12 போர்த் தோட்டாவும் உள்ளே போகும். சுட்டால் குழல் வெடித்து விரல் போகும்.

சாவி யாரிடம் என்பதையும், நினைவு மங்கினாலோ மனம் சோர்ந்தாலோ துப்பாக்கியை யார் எடுத்துப் போவார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். உரிமம் இல்லாத வாரிசு அப்படியே வைத்துக்கொள்ள முடியாது என்பதால் உயிலில் பெறுபவர் பெயரும் வேண்டும்.

முதல் நாள் காதுக் கவசம் இல்லாமல் ஒரு தோட்டாகூட வேண்டாம். வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், வயதில் மிஞ்சிய செவித்திறன் அதில் போகும். 24 கிராம் தோட்டாவில் ஐம்பது சுட்டபின் குழலைக் கழற்றி மறுபடி விரல் முட்டியால் தட்டிக் கேளுங்கள், சிகரெட் தாளையும் மறுபடி வைத்துப் பாருங்கள். முதல் நாள் கவ்விய தாள் இன்று வழுக்கினால், எழுதி வாங்கிய நாள் கணக்கு முடியும் முன் திருப்பிக் கொடுங்கள்.