செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை: பழைய வண்டியில் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் மட்டும் உயிர் பிடிக்க மாட்டேன் என்கிறது. பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இதைச் சந்தித்திருப்பார்கள். ஆளாளுக்கு ஒரு பாகத்தின் பெயரைச் சொல்வார்கள். யார் பேச்சையும் கேட்டு உடனே எதையும் வாங்கிவிடாதீர்கள். பிளக்கில் கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) இருக்கிறதா என்று மூன்றே கேள்விகள்தான். இவற்றில் எது இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் பணமும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை இரண்டு நாள் உட்கார்ந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை முழுக்கப் பிரித்துக் கழுவி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் டேங்கில் பெட்ரோலே இல்லை. மீட்டர் முள் கால் டேங்கில் சிக்கிக்கொண்டு என்னை ஏமாற்றியிருக்கிறது. அதனால் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். மீட்டரை நம்ப வேண்டாம். வண்டியின் பின்பக்கத்தை அசைத்து சலசலப்புக் கேட்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கொஞ்சம் ஊற்றியே பாருங்கள்.

தொடங்கும் முன்

வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். திறந்த வெளியில் வேலை செய்யுங்கள், தீயணைப்பான் பக்கத்திலேயே இருக்கட்டும். பெட்ரோல் ஆவியும் ஸ்பார்க்கும் ஒரே இடத்தில் சேரக் கூடாது. கரண்ட் சோதிக்கும்போது பெட்ரோல் குழாயைத் திறக்காதீர்கள், குழாயைத் திறக்கும்போது கரண்ட் பக்கம் போகாதீர்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஸ்பார்க் சோதனையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

செல்ஃபைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள். மோட்டார் சூடேறிக் கருகினால் அது வேறொரு தலைவலி.

முதலில் காதால் கேளுங்கள்

நல்ல இன்ஜின் சுற்றும்போது சத்தம் ஏறி இறங்கும். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தும்போது செல்ஃப் கொஞ்சம் திணறும், அந்தத் தாளம் காதில் விழும். தாளமே இல்லாமல் 'விர்ர்' என்று வேகமாக, ஒரே சீராகச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். சில இன்ஜின்களில் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி வளைந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது) உள்ள வண்டி என்றால் அதன் மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவரை ஒரு நொடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளே சுழல வேண்டிய துண்டான ரோட்டர் சுழலவில்லை என்றால் மற்ற சோதனைகள் தேவையில்லை.

இன்ஜின் தளர்வாக, மெதுவாகச் சுற்றுகிறதா? அப்படியென்றால் பேட்டரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. அதற்கும் கீழே விழுந்தால் இருக்கிற கரண்டை எல்லாம் செல்ஃபே குடித்துவிடும். ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலுக்கு மிச்சம் இருக்காது. பேட்டரி முனைகளில் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தாலும் இதே கதைதான்.

பிளக்கில் கரண்ட் வருகிறதா?

மூன்று கேள்விகளில் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். இரண்டு நிமிட வேலை, பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதில் கையில் உள்ள வேறொரு பிளக்கை மாட்டுங்கள். அதன் உலோக உடலை இன்ஜினின் சுத்தமான இரும்பு மேல் ஒட்டி வையுங்கள். கையால் பிடிக்காதீர்கள், ரப்பர் பிடி போட்ட குறடு பயன்படுத்துங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீல நிறத்தில் 'டக் டக்' என்று குதித்தால் நல்லது. மெலிதாக மஞ்சளாக வந்தால் பலவீனம். இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறும்போது அது அணைந்துவிடும்.

எதுவுமே வரவில்லையா? கரண்ட் வரும் வழியில் பின்னோக்கித் தேடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும், காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரைக் கழற்றி அதிலும் இதே பிளக்கை வைத்துப் பாருங்கள். அங்கே வருகிறது, சிலிண்டருக்கு வரவில்லை என்றால் குற்றவாளி மூடி, ரோட்டர், பிளக் ஒயர் மூன்றில் ஒன்று. மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முடி போலக் கறுத்த கோடு ஓடியிருந்தால் அதுதான் விரிசல், கரண்ட் அந்த வழியில் கசிகிறது. மழையில் நனைந்த வண்டிக்கு மூடியைத் துணியால் துடைத்தாலே பல நேரம் உயிர் வந்துவிடும்.

காயில் ஒயரிலும் இல்லை என்றால் ஒரு டெஸ்ட் லைட் எடுங்கள். அதன் கிளிப்பை எர்த்தில் (வண்டியின் இரும்பு உடலில்) மாட்டி, சாவியைப் போட்டு, காயிலின் பிளஸ் முனையைத் தொடுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் ஃப்யூஸ், சாவி சுவிட்ச், அல்லது வழியில் உள்ள ஒயர். எரிந்தால் மைனஸ் முனைக்கு மாறி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு மின்னி மின்னி எரிய வேண்டும். மின்னவில்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் திறந்து மூடவில்லை. கருகிய பாயிண்டைத் தேய்த்து, இடைவெளியை வைத்தாலே போதும். பெரும்பாலான பழைய இன்ஜின்களுக்கு அது 0.4 மில்லிமீட்டர் பக்கம் வரும், உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். விளக்கு மின்னுகிறது, ஸ்பார்க் மட்டும் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் காயிலும், பாயிண்டோடு சேர்ந்திருக்கும் கண்டென்சரும்.

இன்னொரு விசித்திரம் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கும், சாவியை விட்டவுடன் அணைந்துவிடும். இதைப் பார்த்துக் கார்புரேட்டரில் கைவைப்பவர்கள் அதிகம். ஆனால் கோளாறு பெரும்பாலும் பேலஸ்ட் ரெசிஸ்டரில் இருக்கும், இல்லையென்றால் சாவி சுவிட்சில். செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்குத் தனி வழியில் கரண்ட் போகிறது, சாவி திரும்பியதும் அந்த வழி மூடிவிடுகிறது, பிறகு இந்த ரெசிஸ்டர் வழியாகத்தான் போகிறது. ரெசிஸ்டர் போயிருந்தால் காயிலுக்கு அதன் பிறகு எதுவும் கிடைக்காது.

பெட்ரோல் வருகிறதா?

ஸ்பார்க் நன்றாக இருந்தால் ஒரு பிளக்கைக் கழற்றி முனையை முகர்ந்து பாருங்கள். எலும்பு போலக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் அதிகமாக வந்து மூழ்கிவிட்டது. மூழ்கியிருந்தால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள், அதிகப்படி ஆவி வெளியேறும். மிதித்து மிதித்து விடாதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் இன்னும் கொஞ்சம் பீய்ச்சும்.

காய்ந்திருந்தால், சாவியை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். முடுக்கிப் பம்ப் (ஆக்சிலரேட்டரை இழுக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சுவது) உள்ள கார்புரேட்டரில் மெல்லிய பெட்ரோல் கோடு பீய்ச்சி வரும். வரவில்லை என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம் காலி. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அதிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். அப்போது இடைவெளி விட்டு விட்டு நாலைந்து முறை செல்ஃப் அடித்தால் பம்ப் மீண்டும் நிரப்பிவிடும்.

நிரம்பவில்லையா? காயில் ஒயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடியுங்கள். துடித்துத் துடித்து வர வேண்டும். வரவில்லை என்றால் பம்ப் டயஃப்ரம், அடைத்த ஃபில்டர், காற்றை இழுக்கும் வெடித்த ரப்பர் குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். டேங்க் மூடியைத் திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைப் போட்டதும் பின்பக்கம் இரண்டு விநாடி பம்பின் மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேட்கவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். ஸ்பார்க்கும் இல்லை, இன்ஜெக்டரும் வேலை செய்யவில்லை என்றால் இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படுங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையாமல் கிடப்பது அதற்கு நல்ல அறிகுறி.

மிச்சம் கம்ப்ரஷன்

இது அரிது, கடைசியாகப் பாருங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, காயிலைத் துண்டித்து, இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் பம்ப் ஃப்யூஸையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுசாகத் திறந்து, பிளக் ஓட்டையில் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டி செல்ஃப் அடியுங்கள். பழைய பெட்ரோல் இன்ஜினில் 120 முதல் 180 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கலாம். 100க்குக் கீழே என்றால் கவலைப்படலாம். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

மூன்றும் இருந்தும் பிடிக்கவில்லை, கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று வெடிக்கிறது என்றால் பிளக் ஒயர்களை இடம் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள், அல்லது ஸ்பார்க் வரும் டைமிங் நகர்ந்திருக்கிறது. நாலு சிலிண்டர் இன்ஜின்களில் ஸ்பார்க் வருவது பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில்தான். யாராவது பிளக்கை மாற்றிய மறுநாளே இந்தக் கோளாறு வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஒரே ஒரு ரகம் மட்டும் பொறுமையைச் சோதிக்கும். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும், ஓடிச் சூடேறி நிறுத்திய பிறகு பிடிக்காது, அரைமணி கழித்து மறுபடி பிடிக்கும். சூட்டில் காயில் மயங்குவதாலும் இருக்கலாம், குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டுவதாலும் இருக்கலாம். இந்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறவைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் ஒரு பழைய பிளக்கையும் குறடையும் வண்டியிலேயே போட்டு வையுங்கள். மக்கர் பண்ணிய இடத்திலேயே, அது சூடாக இருக்கும்போதே ஸ்பார்க் பார்த்துவிடுங்கள்.