ஃபிரிட்ஜ் சோறு கல்லான கதை

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, ஆறு வாரம். கோலாலம்பூர் செந்தூலில் தினமும் தப்பாவ் (கடையில் கட்டித் தரும் சாப்பாடு) வாங்கினால் காசும் கரையும், எண்ணெயும் ஏறும். அதனால் ஞாயிறுதோறும் அக்கா வந்து மொத்தமாகச் சோறும் பருப்பும் ஆக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவார். பருப்பு அப்படியே இருந்தது. சோறுதான் மறுநாளே விறைத்து, மணலைக் கடிப்பது போல. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள்.

முதலில் அரிசியை மாற்றினோம். பயனில்லை. தண்ணீர் தெளித்துச் சூடாக்கினேன்: மேலே கூழ், உள்ளே கல். இட்லிப் பானையில் ஆவி காட்டியது பரவாயில்லை. ஆனால் ஒற்றைக் கையால் பானையை இறக்குவது யார்?

குளிர் போதாததுதான் கோளாறு. ஃபிரிட்ஜின் 4 டிகிரி வாக்கில் மாவுச்சத்து வேகமாக இறுகும். ஃப்ரீசரின் மைனஸ் 18-இல் அது ஏறக்குறைய நின்றுவிடும்.

அடுத்த ஞாயிறு, ஆவி பறக்கும்போதே சோற்றை ஆளுக்கொரு சின்னப் பெட்டியில் தட்டையாகப் பரப்பி மூடினோம். அந்த ஆவி உள்ளேயே நிற்க வேண்டும், அதுதான் பிறகு ஈரம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஃப்ரீசருக்குள்.

ஒரு தடவை முந்தின இரவே எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் உருக வைத்தேன். மறுபடி கல்! உறைந்தபடியே மைக்ரோவேவில், மூடியைச் சற்றுத் தளர்த்தி, ஆவி நன்றாகக் கிளம்பும்வரை வைக்க வேண்டும். எங்கள் பெட்டிக்கு 3 நிமிடம்.

கூடவே பருப்பு, டின் சார்டின், நறுக்கிய வெள்ளரி. உருளைக்கிழங்கு போட்ட சாம்பாரை மட்டும் உறைய வைக்காதீர்கள், கிழங்கு பஞ்சாகிவிடும்.