செலினாவின் பாட்டுகளை யாழ்ப்பாண மேடையில் வாசிப்பது எப்படி: இசைக்குழுக்களுக்கு ஒரு கையேடு

செலினா என்றதும் எங்கட இளம் சனத்துக்கு முதலில் வருவது செலினா கோமஸ்தான். 1992இல் டெக்சாஸில் பிறந்த அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்ததே இன்னொரு செலினாவை நினைத்து. அந்த மூத்தவர் செலினா கின்தனீயா. டெக்சாஸில் வாழும் மெக்சிக்கோ வம்சத்தவரின் தெஹானோ இசையை அந்த மாநில எல்லைக்கு வெளியே கொண்டுபோனவர். 23 வயதில் கொல்லப்பட்டவர். அவருடைய பாட்டுகளை வைத்து 25 நிமிட நிகழ்ச்சி ஒன்றைத் தயாரிக்கிற விதத்தைத்தான் இங்கே சொல்கிறோம். கலியாண வரவேற்பு, பழைய மாணவர் இரவு எதற்கும் பொருந்தும். வழக்கமாகச் சினிமாப் பாட்டு வாசிக்கிற குழுவிடம் இருக்கும் வாத்தியங்களே போதும்: கீபோட் இரண்டு, பேஸ் கிற்றார், லீட் கிற்றார், ட்ரம்ஸ், ஒக்டபாட் (தட்டினால் பல வாத்திய ஒலி தரும் மின்பலகை), ஒரு பாடகி, பின்குரலுக்கு இரண்டு பேர்.

பாட்டுத் தெரிவு சிக்கலான வேலையில்லை. ஐந்து பாட்டு போதும். 1990இல் வந்த 'பைலா எஸ்தா கும்பியா'வில் தொடங்கலாம். அடுத்தது 1992இன் 'லா கர்காச்சா'. நடுவில் சனம் இருந்து கேட்க, 1995இல் வந்த ஆங்கிலப் பாட்டு 'ஐ குட் ஃபால் இன் லவ்'. பிறகு 1994இன் 'பிதி பிதி பொம் பொம்'. முடிவுக்கு 1992இன் 'கோமோ லா ஃப்லோர்'. கடைசிப் பாட்டை முதலில் வைக்கிற ஆசை பலருக்கு வரும். வைத்தால் அதற்குப் பிறகு மேடை இறங்குமுகம்தான்.

இவற்றில் 1990, 1992இல் வந்த மூன்றையும் பழக ஸ்டூடியோப் பதிவுகளை விட 1993இல் வெளியான 'லைவ்!' தொகுப்பு உதவும். அது அந்த ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி, கோர்பஸ் கிறிஸ்டி நகர அரங்கில் சனத்துக்கு முன்னால் பதிவானது. மேடையில் நிற்கிற குழு எதை வாசிக்கிறது, எதை விடுகிறது என்பது அதில் தெளிவாகக் கேட்கும்.

தாளம்: முக்கால்வாசி வேலை இங்கேதான்

தெஹானோ என்பது டெக்சாஸில் வாழும் மெக்சிக்கோ வம்சத்தவரின் இசை. ஜெர்மனி, செக் நாடுகளிலிருந்து போய்க் குடியேறியவர்களின் போல்காவும் அக்கோர்டியனும் மெக்சிக்கோப் பாட்டோடு கலந்து உருவானது. கொலம்பியாவிலிருந்து வந்த கும்பியாத் தாளமும் பிறகு அதில் சேர்ந்தது. செலினாவின் குழுவில் அக்கோர்டியன் செய்யவேண்டிய வேலையைப் பெரும்பாலும் கீபோட் செய்தது. எங்களுக்கு அது நல்ல வாய்ப்பு.

மேலே சொன்னவற்றில் ஆங்கிலப் பாட்டைத் தவிர மற்றவற்றைக் கும்பியாதான் தூக்கிப் பிடிக்கிறது. யாழ்ப்பாணக் குழு வழுக்கி விழுகிற இடமும் அதுதான். எங்கள் ட்ரம்ஸ்காரரின் கைக்கு இலங்கை ஆட்டப்பாட்டான பைலா இரத்தத்தில் ஊறியது. பைலா ஆறு-எட்டு, அதாவது தட்டை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடை. கும்பியாவோ தட்டை நாலாகப் பிரிக்கும் சுத்தமான சதுஸ்ரம். பெயரில் பைலா இருக்கிறதே என்று முதற்பாட்டை ஆறு-எட்டில் தொடங்கினால் பாடகிக்குச் சொல் வைக்க இடமே கிடைக்காது.

மிருதங்கமோ தவிலோ பழகியவர் குழுவில் இருந்தால் விளக்குவது லேசு. ஒவ்வொரு தட்டுக்கும் 'தகதிமி' சொல்லுங்கள். இரண்டு தட்டு, அதாவது இரண்டு தகதிமி, ஒரு சுற்று. சுரண்டு வாத்தியமான குயிரோ ஒவ்வொரு தட்டிலும் 'தக'வில் ஒரு நீண்ட இழுவை. 'தி', 'மி' ஒவ்வொன்றிலும் ஒரு குறுகிய வெட்டு. பேஸ் கிற்றார் முதல் தகதிமி முழுவதும் ஒரே சுரத்தில் நிற்கும். இரண்டாவதில் 'தக'வுக்கு ஒன்று, 'திமி'க்கு ஒன்று. ஏ மைனர் என்றால் ஏ, பிறகு சீ, ஈ. கீபோட் வலது கை இரண்டு தட்டிலும் 'தி'யில் மட்டும் கோட் (சுரக்கூட்டு) வைக்கும், அதுவும் சுருக்கமாக, தொட்டதும் எடுத்துவிட வேண்டும். பெரிய ட்ரம்மும் கௌபெல்லும் தட்டின் தலையில்.

வேகம் நிமிடத்துக்கு 85க்கும் 100க்கும் இடையில். வேகத்தைத் தட்டிக் காட்டும் மெற்றோநோம் இல்லாமல் பழகினால் மூன்றாவது பாட்டுக்குள் 110ஐத் தாண்டிவிடும். சனம் கை தட்டத் தொடங்கினால் குழு ஓடும், அது எங்கும் நடப்பதுதான். கும்பியா ஓடினால் ஆடுகிறவரின் இடுப்புக்கு நேரம் போதாது. ட்ரம்ஸ்காரருக்கு மட்டும் காதில் மெற்றோநோமின் கிளிக் ஒலியைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பேஸ்காரர் இன்னொரு பிழையும் விடுவார். சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் இடைவெளியை எல்லாம் நிரப்புவார். செலினாவின் குழுவில் பேஸ் வாசித்தவர் அண்ணன் ஏ. பி. கின்தனீயா, பாட்டுகளில் பலவற்றை எழுதித் தயாரித்தவரும் அவரே. அந்தப் பதிவுகளில் முதற் தட்டு எவ்வளவு நேரம் வெறுமையாக நிற்கிறது என்று கேளுங்கள். ஒத்திகையின் முதல் இருபது நிமிடம் பேஸும் குயிரோவும் மட்டும் வாசிக்கட்டும், மற்ற எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும். அந்த இரண்டும் ஒட்டாத வரைக்கும் கீபோட்டை மூட்டுவது வீண்.

குயிரோ ஒக்டபாட்டிலும் கிடைக்கும். ஆனால் நீண்ட இழுவையின் நீளம் அதில் மாறாது, ஒரே அச்சாக விழும். கையால் செய்தால் நல்லது. இரண்டு அங்குல விட்டம், ஒன்றரை அடி நீளம் உள்ள காய்ந்த மூங்கில் எடுங்கள். ஒரு முனையில் கணு இருக்கட்டும், மற்றது திறந்திருக்கட்டும். அரத்தால் குறுக்கே 3 மில்லிமீற்றர் ஆழத்தில், 5 மில்லிமீற்றருக்கு ஒன்றாக நாற்பது வெட்டு. மூங்கிற் சுவர் 6 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் பிளக்கும். சுரண்டுவதற்குச் சைக்கிள் கம்பி மூன்றைச் சேர்த்துக் கட்டினால் சத்தம் கூர்மையாக வரும். ஒற்றைக் குச்சியில் மங்கும். பனங்கருக்கு மட்டை பார்வைக்குத் தோதாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பற்கள் ஒழுங்கில்லாதவை, கையையும் கிழிக்கும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

'கோமோ லா ஃப்லோர்' தொடக்கத்தைச் செலினா மேடைகளில் தாளமில்லாமல் இழுத்துப் பாடினார். அதைச் செய்வதானால் ட்ரம்ஸ்காரர் பாடகியின் முகத்தைப் பார்க்க வேண்டும். பாடகி மூச்செடுத்து முடித்த பிறகுதான் எண்ணிக்கை. ஆலாபனை முடிந்து கீர்த்தனை எடுக்கிற மாதிரித்தான்.

சுருதி பற்றி ஒன்று. பாடகிக்குத் தோதாகக் கீபோட்காரர் சுருதியை மாற்றுகிற ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அமத்திவிட்டு வாசிப்பார். பேஸ்காரருக்குச் சொல்ல மறந்துவிடுவார். முதல் கோட்டிலேயே நாறும். பொத்தான் வேண்டாம். பாட்டின் சுருதியை ஒத்திகையிலேயே முடிவு செய்து, எல்லாருடைய தாளிலும் கோட் பெயர்களைப் புதிதாக எழுதுங்கள்.

ஸ்பானிய வரிகளைத் தமிழில் எழுதுதல்

செலினாவுக்கே ஸ்பானிய மொழி தாய்மொழி மாதிரி ஓடவில்லை. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர். தகப்பன் ஏபிரகாம் ஒலியைச் சொல்லிக்கொடுக்க, கேட்டுப் பாடிப் பழகினார். ஆகவே பாடகிக்கு ஸ்பானியம் தெரியாது என்று கூச்சப்படத் தேவையில்லை. ஒலி சரியாக இருந்தால் சரி.

ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் ஆங்கில உச்சரிப்பு ஒட்டிக்கொள்ளும். தமிழில் எழுதுவது திறம். ஸ்பானிய 't', 'd' என எழுதப்படுபவை பல்லில் படுகிற ஒலிகள், எங்கள் 'த' போல. 'ட' எழுதவே கூடாது. 'பிடி பிடி' என்று எழுதி வைத்தால் பாடகி பிடி பிடி என்றே பாடுவார். முன்வரிசைப் பொடியன்கள் எதைப் பிடிக்கச் சொல்கிறார் என்று கேட்டுச் சிரிப்பார்கள். 'பிதி' என்று எழுதி, முதல் 'பி'க்குக் கீழே சிவப்பில் கோடிடுங்கள். சிவப்புக் கோடு உள்ள ப, க எல்லாம் 'பாபு'வின் முதல் எழுத்துப்போல, 'கீதா'வின் முதல் எழுத்துப்போல அதிர்ந்து ஒலிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு உயிருக்கு நடுவில் அதிராத ஒலி வந்தால் ஒற்று இரட்டிக்க எழுதுங்கள். இல்லாவிட்டால் தமிழ் வாய் தானாக மென்மையாக்கிவிடும்.

நெடில் குறிலை அழுத்தத்துக்குப் பயன்படுத்தலாம். அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதினால் பாதி உச்சரிப்பு வந்துவிடும். 'ஃப்லோர்' என்பதன் கடைசி 'ர்' முழுதாகக் கேட்க வேண்டும், ஆங்கிலப் பாணியில் விழுங்கக்கூடாது. இரட்டை 'ர' வருமிடத்தில் நாக்கு உருள வேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காதது உயிர்கள் சேருமிடம். 'பைலா எஸ்தா' என்பது பாடும்போது 'பைலெஸ்தா' என மூன்று அசையாகக் குறுகும். பிரித்து நாலு அசையாகப் பாடினால் சொல் அடுத்த தட்டுக்குள் வழிந்து, குழு பிழைவிட்ட மாதிரிக் கேட்கும். பதிவைக் கேட்டுக் கேட்டு, தமிழ்த் தாளில் சேர்கிற இடங்களுக்கு வில் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிவிப்பாளருக்கு

பாட்டுகளுக்கு நடுவே மூன்று சிறு அறிமுகம், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், தொண்ணூறு சொல்லுக்குள். கொலையில் தொடங்கினால் மிச்ச நேரம் முழுக்கச் செத்த வீடு மாதிரி இருக்கும். வேலையில் தொடங்குங்கள்.

முதல் அறிமுகம் குடும்பம். 1971 ஏப்ரல் 16, டெக்சாஸின் லேக் ஜாக்சனில் பிறப்பு. தகப்பன் இளமையில் லோஸ் தீனோஸ் என்ற குழுவில் பாடியவர். பிள்ளைகளை வைத்து அதே பெயரில் குழு அமைத்தார்: அண்ணன் பேஸ், அக்கா சூசெட் ட்ரம்ஸ், செலினா பாட்டு. அவர்கள் நடத்திய உணவகம் பொருளாதாரச் சரிவில் மூடப்பட, கோர்பஸ் கிறிஸ்டிக்குப் போய், கலியாணங்களிலும் சந்தைவெளிகளிலும் வாசித்துப் பிழைத்தார்கள். ஊர் ஊராகக் கலியாணத்துக்கு வாசித்து வளர்ந்த குடும்பக் குழு என்று சொன்னாலே எங்கள் சனத்துக்கு விளங்கும்.

இரண்டாவது, ஏற்றம். ஆண்கள் நிரம்பியிருந்த துறையில் 1987இல் தெஹானோ இசை விருதுகளில் சிறந்த பாடகி விருது. 1989இல் இ.எம்.ஐ. லத்தீன் இசைப்பதிவு நிறுவனத்தோடு ஒப்பந்தம். 1992இல் தன் குழுவின் கிற்றார்காரர் கிறிஸ் பெரெஸைக் கலியாணம் செய்தார். 1994இல் கிராமி விருது. இது 'லைவ்!' தொகுப்புக்குக் கிடைத்தது. அதே ஆண்டு வந்த 'அமோர் ப்ரோஇபீதோ' தொகுப்புக்கு என்று மாற்றிச் சொல்லாதீர்கள். 1995 பெப்ரவரி 26 ஹூஸ்டன் அஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் 60,000க்கு மேற்பட்ட சனம். அதைக் கடைசி மேடை என்று சொல்வதும் பிழை. அதற்குப் பிறகும் பாடினார்.

மூன்றாவது, கடைசிப் பாட்டுக்கு முன். 1995 மார்ச் 31, ரசிகர் மன்றத்தையும் உடுப்புக் கடைகளையும் நிர்வகித்த பெண் சுட்டுக் கொன்றார். இந்த ஒரு வரி போதும். அடுத்து, யூலையில் வெளிவந்த 'ட்ரீமிங் ஒஃப் யூ' தொகுப்பு, அமெரிக்கத் தொகுப்புகளின் தரவரிசையான பில்போர்ட் 200 பட்டியலில் நேராக முதலிடத்தில் ஏறியது. பெரும்பகுதி ஸ்பானியத்தில் அமைந்த தொகுப்பு ஒன்று அப்படி ஏறியது அதுவே முதல் தடவை. 1997இல் செலினாவின் கதையைச் சொல்லும், ஜெனிஃபர் லோபஸ் நடித்த படம் வந்தது. அதில் நடிப்பு லோபஸ், பாட்டுக் குரல் செலினாவுடையது. 2011இல் அமெரிக்கத் தபால் தலை, 2017இல் ஹொலிவூட் நடைபாதையில் பெயர் பொறித்த நட்சத்திரம், 2021இல் கிராமி வாழ்நாள் சாதனை விருது. விருதுப் பட்டியலை முழுக்க வாசிக்க வேண்டாம், இரண்டு சொன்னால் சனம் தாங்கும்.

மேடையும் சத்தமும்

உடுப்பில் திரைப்பட வேஷம் வேண்டாம். செலினா தன் மேடை உடுப்புகளைத் தானே வடிவமைத்தவர், 1994இல் கடையும் திறந்தவர். அஸ்ட்ரோடோமில் போட்டது கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்தில் பாடகிக்கு வசதியான எதுவும் சரி.

சவுண்ட்ஸ்காரரிடம் முன்கூட்டியே கதையுங்கள். எங்கள் ஊரில் குரலுக்கு எக்கோ அள்ளிக் கொட்டுவது வழக்கம். கும்பியாவில் அந்த எக்கோ கீபோட்டின் 'தி'க்கு முன்னும் பின்னுமாக விழுந்து தாளத்தைக் குழப்பும். வேண்டுமென்றே அடம்பிடித்தால் அளந்து வையுங்கள்: வேகம் 90 என்றால் ஒரு தட்டு 667 மில்லிசெக்கன், எக்கோவை அதன் பாதியான 333இல் நிறுத்துங்கள். வேகம் மாறினால் 60,000ஐ வேகத்தால் வகுத்துப் பாதியாக்க வேண்டும். பேஸில் 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் மண்டபம் உறுமாது. இல்லாவிட்டால் ஒவ்வொரு முதற் தட்டும் அடுத்ததுக்குள் கலந்து குழம்பும்.

திகதி உங்கள் கையில் என்றால் ஏப்ரல் 16ஐப் பாருங்கள். செலினாவின் பிறந்தநாள், சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் கழித்து வருவதால் வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தங்களும் ஊரில் நிற்பார்கள். அந்த வெக்கையில் கிற்றார் தந்தி சுருதி இறங்கும், பாட்டுக்குப் பாட்டு சரிபார்க்க அறிவிப்பாளரின் அந்த ஒரு நிமிடமே போதும். வீடியோவை யூரியூப்பில் ஏற்றினால் உரிமைக் கோரல் வரக்கூடும். விளம்பரக் காசு பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம். அதை வருமானமாகக் கணக்கில் எடுக்காமல், அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் பிடிக்கிற விளம்பரமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.