மோதல் சோதனை அறிக்கையை வாசித்து இழப்பீட்டுக் கோரிக்கையில் பயன்படுத்துவது எப்படி?

"ஐந்து நட்சத்திரம் வாங்கிய காரில் இவ்வளவு பெரிய காயம் எப்படி ஏற்பட்டது?" என்று எதிர்த்தரப்பு கேட்டால், முதன்முறையாக இழப்பீடு கோருபவருக்குச் சட்டென்று பதில் வராது. மோதல் சோதனையில் தரப்படும் நட்சத்திரம் என்பது வரையறுத்த வேகத்தில், வரையறுத்த தடுப்பில் மோதிய காருக்குள் இருந்த, மனித உடல்போலச் செய்த பொம்மையைப் பற்றிய கணக்கு. இழப்பீடோ, ஒரு குறிப்பிட்ட விபத்தில் ஒரு மனித உடலுக்கு நேர்ந்ததைப் பற்றியது. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுத்துவிட முடியாது; நிரூபித்துவிடவும் முடியாது. ஆனாலும் அறிக்கையை வாசிக்கத் தெரிந்தவருக்கு எந்தச் சான்றைத் தேட வேண்டும் என்பது விளங்கிவிடும். சட்ட விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், வழக்கறிஞரைப் பார்க்கும் முன் செய்ய வேண்டியவற்றையே இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: சோதித்த அமைப்பையும் ஆண்டையும் பாருங்கள்

ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பீடு தரும் அமைப்பு யூரோ என்கேப். 1997-இல் முதல் முடிவுகளை வெளியிட்ட அது, 2009-இல் மதிப்பிடும் முறையை மாற்றியது. அதன் பிறகும் அளவுகோலைப் பலமுறை கடுமையாக்கியிருக்கிறது. ஆகவே பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. ஒரே பெயரில் விற்கப்படும் கார், வேறொரு சந்தையில் குறைவான ஏர்பேக்குகளோடு வரவும் கூடும். சோதிக்கப்பட்ட மாடலில் இருந்த பாதுகாப்பு வசதிகள் உங்கள் காரிலும் இருந்தனவா என்று சரிபாருங்கள்.

இரண்டாம் படி: வேகத்தையும் மோதிய கோணத்தையும் ஒப்பிடுங்கள்

அமெரிக்க அரசின் நேர்மோதல் சோதனையில் காரின் முன்பகுதி முழுவதும் 56 கி.மீ. வேகத்தில் அசையாத தடுப்பில் மோதுகிறது. அங்கே காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் ஐஐஎச்எஸ் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2012-இல் தொடங்கிய சோதனையில், முன்பகுதியின் அகலத்தில் 25 சதவீதம் மட்டும் 64 கி.மீ. வேகத்தில் தடுப்பைத் தாக்குகிறது. பார்வைக்குச் சிறிய மோதல்போலத் தோன்றினாலும் இதுவே கடுமையானது. அதிர்வைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்ட காரின் முதன்மை உலோகச் சட்டகங்கள் மோதலில் படாமல் தப்பிவிட, விசை சக்கரத்தின் வழியாகக் கால்வைக்கும் பகுதிக்குள் இறங்குகிறது. உங்கள் விபத்து இவற்றில் எதை ஒத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்வதால், 64-க்குப் பதில் 80 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதினால் ஆற்றல் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். அந்த வேகத்துக்கு நட்சத்திரம் எந்த உறுதியும் தருவதில்லை.

மூன்றாம் படி: பொம்மையின் உடற்பகுதி வரைபடத்தை வாசியுங்கள்

மொத்த மதிப்பீட்டைக் காட்டிலும் இந்த வரைபடமே பயனுள்ளது என்பது என் கருத்து. தலை, மார்பு, தொடை, கீழ்க்கால் என்று பகுதி பகுதியாக, பச்சை முதல் சிவப்பு வரை நிறம் தீட்டியிருப்பார்கள். நல்ல மதிப்பீடு பெற்ற காரிலும் ஓட்டுநரின் மார்பு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கலாம். சோதனைக்கு முன் பொம்மையின் முகத்திலும் முழங்காலிலும் வண்ணச் சாயம் பூசுகிறார்கள். மோதிய பின் ஏர்பேக்கின் நடுவிலா, ஓரத்திலா, கதவின் தூணிலா, எங்கே சாயம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் தலை போன வழி தெரிந்துவிடும்.

நான்காம் படி: காயத்தின் தரத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

கோரிக்கைகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பொம்மையின் கருவிகள் தரும் அளவுகள், ஏஐஎஸ் எனப்படும் 1 முதல் 6 வரையிலான காய அளவுகோலோடு பொருத்தப்படுகின்றன. அந்த அளவுகோல் முதன்மையாக உயிருக்கு உள்ள ஆபத்தைக் கணிக்கிறது. பிற்கால ஊனத்தையோ வருமான இழப்பையோ கணிப்பதில்லை. பின்னாலிருந்து இடிபட்டுக் கழுத்துத் தசைநார் பிசகினால், ஏஐஎஸ் கணக்கில் அது பெரும்பாலும் 1-தான். அந்த வலியோடு மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். எனவே "சிறு காயம்" என்று அறிக்கையில் எழுதப்பட்டால், எந்த அளவுகோலின்படி சிறியது என்று கேளுங்கள். காரின் உடல் அதிகம் நசுங்கவில்லை, ஆகவே காயமும் பெரிதாக இருக்காது என்ற வாதத்தையும் அப்படியே ஏற்காதீர்கள். நசுங்காத விறைப்பான உடற்கூடு, அதிர்வை உள்ளே இருப்பவரிடம் கூடுதலாகக் கடத்தவும் கூடும்.

ஐந்தாம் படி: காரைப் பழுதுபார்க்கும் முன் சான்றுகளைக் காப்பாற்றுங்கள்

பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஈடிஆர் என்ற பதிவுக் கருவி இருக்கிறது. மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், பிரேக் அழுத்தப்பட்டதா, சீட் பெல்ட் பூட்டியிருந்ததா, மோதலில் வேகம் எவ்வளவு மாறியது ஆகியவை அதில் பதிவாகும். ஏர்பேக் விரியாத மோதலின் பதிவு, பிறகு நேரும் வேறொரு நிகழ்வால் அழிந்துபோகலாம். ஆகவே பதிவை எடுக்கும்வரை காரை ஓட்டக் கூடாது, பழைய இரும்புக்கும் தரக் கூடாது என்று காப்பீட்டு நிறுவனத்துக்கும் பணிமனைக்கும் எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள்.

சீட் பெல்ட்டையும் அருகிலிருந்து படமெடுங்கள். உடல் பாரம் விழுந்த பெல்ட், தோளருகே உள்ள வளையத்தின் பிளாஸ்டிக்கில் உரசிய தடம் பதித்திருக்கும். பெல்ட்டை இறுக்கும் கருவி வெடித்துச் செயல்பட்டிருந்தால், பட்டை இழுபட்ட நிலையிலேயே பூட்டிக்கொண்டிருக்கும். பெல்ட் அணியாதவருக்கு இழப்பீட்டைக் குறைக்கும் நாடுகளில் இந்தப் படங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. இங்கிலாந்தில் 1970-களின் நடுவில் வந்த தீர்ப்பு ஒன்று, பெல்ட் அணிந்திருந்தால் காயமே நேர்ந்திராது என்றால் 25 சதவீதமும், குறைவாக நேர்ந்திருக்கும் என்றால் 15 சதவீதமும் கழிக்கலாம் என்று வழிகாட்டியது.

ஆறாம் படி: மருத்துவப் பதிவோடு இணைத்துக் கோரிக்கையை எழுதுங்கள்

விபத்து நடந்த அன்றே மருத்துவரைப் பாருங்கள். மறுநாள் தொடங்கும் வலியையும் தேதியோடு பதிவுசெய்யச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு காயத்துக்கும் எதிரே, காருக்குள் அதை உண்டாக்கிய பொருளையும் அதைக் காட்டும் படத்தையும் குறியுங்கள்: இடது முழங்காலுக்கு எதிரே உடைந்த டாஷ்போர்டு மூடி, மார்பில் குறுக்கே ஓடும் கன்றலுக்கு எதிரே பெல்ட்டின் தடம். சிகிச்சைச் செலவு, வருமான இழப்பு, எதிர்காலச் சிகிச்சை, வலி ஆகியவற்றைத் தனித்தனித் தலைப்புகளில் ரசீதுகளுடன் காட்டுங்கள். இறுதித் தீர்வுப் பத்திரத்தில் கையொப்பமிட்டால் பிற்காலக் கோரிக்கை பொதுவாக அடைபட்டுவிடும். உடல்நிலை நிலைப்பட்டுவிட்டது என்று மருத்துவர் எழுதித் தரும்வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள். காத்திருக்கும் காலத்தில் கோரிக்கைக்கான சட்டக் கெடு கடந்துவிடாதபடி, கடைசித் தேதியை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.